கூட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது பிளாரன்ஸ்தான். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், எங்கள் வீட்டு அடுப்படியில், முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். “என் பேரை வெளியே சொல்லிடாதீங்க சித்தி” என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். நானும் இதுவரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால் என்ன, நீ எந்த ஊர்ப் பிள்ளையோ. மஸ்கட்டில் விமானம் இறங்கினதும் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பை அங்கேயே இருக்கட்டும்மா, எனக்கு இடைஞ்சல் இல்லை. இந்தப் போன் அடித்துக்கொண்டேதான் இருக்கும். நீ அதைக் கண்டுகொள்ளாதே. என் மகன்தான். கனடாவில் இருக்கிறான். அங்கே இப்போது ராத்திரியாம். தூங்காமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

பிளாரன்ஸ் எங்கள் தெருப் பிள்ளை. நாசரேத்தில் இருந்து காலை ரயிலுக்குத் திருநெல்வேலி போய், ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்புவாள். கோயிலில் பாட்டுக் குழுவில் முதல் வரிசை. என் மகன் கிளமெண்டுடைய கம்பெனி விஷயமெல்லாம் அந்த ஆபீசில்தான் நடக்கிறது. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதே. உடன்குடி பக்கத்தில் ஒரு ஷெட். முருங்கை இலையை உருவி, கழுவி, காயவைத்து, பொடியாக்கிக் கனடாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதைப் பாலில் கலக்கிக் குடிக்கிறார்களாம். சின்ன வயதில் நான் தேங்காய் போட்டுத் துவட்டி வைத்தால் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்துபோவான் இந்தக் கிளமெண்ட். இப்போது அதே கீரையில் பிழைக்கிறான்.

ஷெட்டுக்கு முன்னால் போர்டு போட்டிருக்கிறது. ரஞ்சிதம் கிரீன்ஸ் பிரைவேட் லிமிடெட். ரஞ்சிதம் நான்தான்.

ஆள் கனடாவில், கம்பெனி இங்கே. அது எப்படிப்பா நடக்கும் என்று அப்போதே கேட்டேன். “அதுக்குத்தாம்மா உங்களை டைரக்டர் ஆக்குறேன்” என்றான். நான் எட்டாம் கிளாஸ். எனக்கு என்னப்பா தெரியும் என்றேன்.

“ஒண்ணும் தெரிய வேண்டாம்மா. நீங்க ஒண்ணும் செய்யவும் வேண்டாம். சும்மா வீட்டுல இருந்தாப் போதும்.”

சும்மா வீட்டில் இருந்தால் போதும் என்றான் பார், அதைப் பாசத்தில் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன். போனைப் பார்த்து என் பெயரைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். ஆதார் கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். அதோடு முடிந்தது. அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில், ஆண்டவரே, இந்த அற்பமானவளையும் உயர்த்தினீரே என்று அழுதேன். கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர்தான், அவனும் நானும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

போன வருஷம் மே மாதம் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டான். மருமகள் ஷீபாவுக்குப் பிரசவம். ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. ஹேனா என்று பெயர். குளிப்பாட்டினது நான், தூங்க வைத்தது நான், பெற்றவளுக்குப் பத்தியம் சமைத்துப் போட்டது நான். அந்த ஊரில் பூண்டை உரித்து உரித்து என் நகமெல்லாம் போனது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பேத்திக்குச் செய்கிறதைச் சொல்லிக்காட்டுகிறவள் இல்லை நான்.

போகும்போதே ஒரு சட்டை கொண்டு போயிருந்தேன். கிளமெண்டுக்கு ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. என் கையால் தைத்தது, கழுத்தில் லேஸ் வைத்து. அந்துருண்டை போட்டு இத்தனை வருஷம் பெட்டியில் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில், ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கோயிலில் பாதிரியார் ஐயர் கையில் எடுத்துக் கொடுக்கிறது அப்பாவுடைய அம்மாதான். நீங்கள் எந்தச் சபையோ, உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது, எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். என் மாமியார் கிளமெண்டை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மா என்னைப் பேசாத பேச்சில்லை, ஆனால் அன்றைக்குக் குழந்தையை வாங்கும்போது என் கையையும் பிடித்து முத்தமிட்டார்கள். எனக்கும் ஒரு நாள் அது வரும் என்று நினைத்துத்தானே அந்தச் சட்டையை வைத்திருந்தேன்.

இரும்மா, மலையாளத்தில் ஏதோ சொல்கிறார்கள். நம் விமானமா? துபாயா, சரி.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் கிளமெண்ட் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். வலிக்கிற என் கால் முட்டை அமுக்கிவிட்டான். மகன் காலை அமுக்கிவிட்டால் தாய்க்கு அப்போதே தெரிய வேண்டும்.

“எம்மா, இங்க இனி குளிர் ஆரம்பிச்சிரும். உங்க முட்டுவலிக்கு ஆகாது. டிக்கெட் போட்டுட்டேன்.”

“ஞானஸ்நானம்ப்பா?”

“அது இன்னும் முடிவாகலம்மா. அடுத்த வருஷம் ஊர்ல வந்துகூட வச்சுக்கலாம்.”

சட்டையை எடுத்து வைக்கப் போனேன். “அதை இங்கயே வச்சுட்டுப் போங்கம்மா, பத்திரமா இருக்கும்” என்றான். வைத்துவிட்டு வந்தேன். விமான நிலையத்தில் அழுதான். தோளில் சாய்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அந்த அழுகையை நம்பித்தான் நான் விமானத்தில் ஏறினேன்.

நான் இங்கே வந்து இறங்கின வாரம் அங்கே போய் இறங்கினாள் எமரால்ட் மதினி. ஷீபாவுடைய அம்மா, என் சம்பந்தி. பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். இங்கிலீஷ் பேசுவாள். அவளுக்கும் முட்டு இருக்கிறது, அவளுக்கும் என் வயசுதான். அவளுக்கு மட்டும் குளிராதாம்.

அக்டோபரில் போனில் ஒரு போட்டோ வந்தது. கோயில். ஐயர். என் பேத்தி. அவள் உடம்பில் என் சட்டை. அந்தச் சட்டையோடு அவளைத் தூக்கி ஐயர் கையில் கொடுக்கிறது எமரால்ட் மதினி. பட்டுச்சேலை கட்டி, கொண்டையில் பூ வைத்து.

“திடீர்னு முடிவாயிருச்சும்மா, ஐயர் லீவுல போறாருன்னு சொன்னாங்க” என்றான்.

“அதுக்கென்னப்பா, யார் கொடுத்தா என்ன, ஆண்டவர் வாங்கினாரே” என்றேன்.

நான் யாருக்கும் கெட்டது நினைக்கிறவள் இல்லை. பழிக்குப் பழி என்று ஒரு நாளும் ஆண்டவரிடம் கேட்டதில்லை. அவர் கண்ணில் படட்டும் என்றுதான் கேட்டேன். காலையிலும் மாலையிலும் முழங்காலில் நின்று பெயரைச் சொல்லிக் கேட்டேன். எமரால்டின் பெயரை முதலில் வைப்பேன். பிறகு மகன் பெயர். ஷீபாவை விட்டுவிட்டேன், பாவம், பால் கொடுக்கிற பிள்ளை. அவருக்கு எவ்வளவோ வேலை, நாம்தான் மறக்காமல் ஞாபகப்படுத்த வேண்டும்.

அப்படி ஜெபித்துக்கொண்டிருந்த நாளில்தான் பிளாரன்ஸ் முந்திரிக்கொத்து போட உதவிக்கு வந்தாள். நான் மாவில் முக்கிக் கொடுக்க, அவள் எண்ணெயில் போட்டாள். பேச்சுவாக்கில் போட்டோ விஷயத்தைச் சொன்னேன். குளிர் என்று அனுப்பிவிட்டான் பிள்ளே என்றேன். அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“குளிரா? சித்தி, அண்ணன் தேதி பார்த்துத்தானே உங்களை அனுப்பி வச்சாங்க.”

“என்ன தேதி?”

“டைரக்டர்ல ஒருத்தராவது வருஷத்துல பாதிக்கு மேல இந்தியாவுல இருக்கணும் சித்தி. ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் கணக்கு. அண்ணன் அங்க இருக்காங்க. அப்ப நீங்கதான இங்க இருக்கணும். எங்க சார்தான் போன் போட்டுச் சொன்னாங்க, அம்மாவை இனி அங்க வச்சிருக்காதீங்க, அனுப்பிருங்கன்னு.”

“நான் இல்லாட்டா?”

“கம்பெனிக்குத்தான் சிக்கல். பேங்க்ல லோன் வேற கேட்டிருக்காங்க. இதெல்லாம் பார்ப்பாங்கல்ல. உங்களுக்குத் தெரியாதா?”

சட்டியில் இருந்தது கருகிப் போனது. அந்த வருஷம் அக்கம்பக்கத்துக்குக் கருகின முந்திரிக்கொத்துதான் கொடுத்தேன்.

அன்றைக்கு முழுவதும் அதையே நினைத்தேன். சும்மா வீட்டில் இருந்தால் போதும். ஆமாம், அதற்குத்தானே நான். ஆடு ஓடிவிடாமல் முளையில் கட்டிப் போடுகிற மாதிரி என்னை நாசரேத்தில் கட்டிப் போட்டிருக்கிறான். என் பெயரில் போர்டு. என் பேத்தியை எடுத்துக் கொடுக்க மட்டும் வேறு கை.

அவனிடம் இதைக் கேட்டுவிட்டேன், பிறகு. “உங்ககிட்டச் சொன்னேனேம்மா, ஏர்போர்ட் போற வழியில, கார்ல. எல்லாத்தையும் சொன்னேன், நீங்க தலையை ஆட்டுனீங்க” என்கிறான். காரில் நான் கண்ணை மூடிப் பயண ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தேன். ஜெபிக்கிறவளிடம் போய்ச் சட்டம் சொல்லலாமா? அது சொன்னதாகுமா, நீயே சொல்லு.

புது வருஷம் பிறந்ததும் முதல் வேலை நாளில் ஷெட்டில் ஜெபம் வைப்போம். ஐயர் வருவார். சாவிக்கொத்து, கல்லாப்பெட்டிச் சாவி, ஃபைல் எல்லாவற்றையும் வெள்ளைத்துணி விரித்து அவர் முன்னால் வைப்போம். அவர் கை வைத்து ஜெபிப்பார். இலை உருவுகிற பெண்களுக்குக் கேக்கும் வாழைப்பழமும் கொடுப்போம். இந்த வருஷம் நான் ஆடிட்டர் ஆபீசுக்கு நேரே போன் பண்ணினேன். என் கையெழுத்து ஒன்று உங்களிடம் இருக்கிறதாமே, பென் டிரைவ் மாதிரி, அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் நான் கையெழுத்துப் போட்டதாக ஆகுமாமே, அதையும் ஜெபத்தில் வைக்க வேண்டும், கொடுத்து அனுப்புங்கள் என்றேன். அந்த ஆடிட்டர் பட்டை போட்டு உத்தராட்சம் கட்டின மனுஷர். சாமி காரியம் என்றதும் மறுபேச்சில்லை. பிளாரன்ஸ் கையில் கொடுத்துவிட்டார்.

ஐயர் கை வைத்து ஜெபித்தார். நானும் ஜெபித்தேன். ஜெபித்துவிட்டுத் தருகிறேன் என்றுதான் சொன்னேன், எப்போது தருகிறேன் என்று சொல்லவில்லை. அது இப்போது என் வேதப் புத்தக உறைக்குள் இருக்கிறது. இதோ, தொட்டுப் பார். இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எனக்கே தெரியாமல் இத்தனை வருஷம் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் வழி காட்டும் ஆண்டவரே என்று கேட்டேன். மறுநாள் பியூலா போன் பண்ணினாள். என் மகள், மஸ்கட்டில் இருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் வா வா என்பாள், நானும் கம்பெனி, கோயில், முட்டு என்று ஏதாவது சொல்லுவேன். இந்தத் தடவை, வாரேன்ட்டி, ஈஸ்டர் முடிந்து திரும்புகிற மாதிரி டிக்கெட் போடு என்றேன்.

“நெசமாவாம்மா?” என்று அழுதுவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு எதற்கு இதெல்லாம்.

போன வருஷம் கனடாவில் இருந்ததையும், இப்போது மஸ்கட்டில் இருக்கப் போகிறதையும் சேர்த்துப் பார்த்தால் மார்ச்சுக்குள் பாதியைத் தாண்டிவிடும். இதைப் பிளாரன்ஸிடம் கேட்காமல் நானே காலண்டரை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

கிளமெண்டுக்குத் தெரிந்ததும் போன் வந்தது.

“எம்மா, ஏப்ரல் பொறந்ததும் போங்களேன். கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?”

“உன் தங்கச்சி பாவம்ப்பா. அவளும் நான் பெத்த பிள்ளைதான.”

“கம்பெனிக்கு நீங்க இங்க இருக்கணும்மா. அதான் சட்டம்.”

“அப்படியாப்பா? எனக்கு என்ன தெரியும், நான் எட்டாங் கிளாஸ்.”

காரில் சொன்னேனே என்று அவன் சொன்னது அப்போதுதான், சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

அவன் அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், டிக்கெட்டைத் தள்ளிக்கூடப் போட்டிருப்பேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு என்ன சொன்னான் தெரியுமா? குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“எம்மா, வழி கிடைச்சிருச்சு. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க. ஷீபா அம்மா ஊருக்குத் திரும்பிட்டாங்கல்ல, இனி இங்கதான் இருப்பாங்க. அவங்களை உங்க இடத்துல போட்டுக்கிடுறோம்.”

உங்க இடத்துல. அந்த வார்த்தையைத்தான் சொன்னான். குழந்தையை எடுத்துக் கொடுத்த கைதானே, கையெழுத்தையும் அதுவே போடட்டும் என்று முடிவு பண்ணிவிட்டான்.

“நல்ல காரியம்ப்பா. மதினி படிச்சவங்க” என்றேன்.

“நீங்க கூட்டத்துல ஒரு வார்த்தை சரின்னு மட்டும் சொன்னாப் போதும்மா. வீடியோலதான். நீங்க ஏர்போர்ட்ல இருக்கும்போதே முடிச்சிருவோம், அஞ்சு நிமிஷம்.”

கூட்டமா, அது என்ன கூட்டம் என்று பிளாரன்ஸைக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டேன். ஒன்றும் தெரியாத மாதிரிதான் கேட்டேன். பாவம், அவள் எனக்கு விளங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள்.

“கூட்டத்துக்கு ரெண்டு பேர் வேணும் சித்தி. உங்க கம்பெனியில மொத்தமே நீங்களும் அண்ணனும்தான. நீங்க வரலன்னா கூட்டமே இல்ல. புதுசா ஒரு ஆளைச் சேர்க்கணும்னாலும் நீங்க வரணும்.”

“நான் வராம என்ன பிள்ளே, கண்டிப்பா வாரேன்” என்றேன்.

பாரேன், அவன் ஒருத்தனாக ஒன்றும் செய்ய முடியாது. என்னை வெளியே தள்ளவும் நான் வேண்டும். இது யார் போட்ட சட்டமோ, மனமிரங்கிப் போட்டிருக்கிறார்கள்.

இதோ, மறுபடியும் அடிக்கிறது. நின்றுவிட்டது. இப்போது மெசேஜ் அனுப்பியிருப்பான். என் கண்ணாடி அடியில் இருக்கிறது, கொஞ்சம் வாசித்துச் சொல்லும்மா. மெதுவாக. என்ன போட்டிருக்கிறான்?

கூட்டம் முடிந்த பேப்பரைக் கொடுக்க பேங்க் இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்கிறதா? ஆமாம், அந்த லோன் மெஷினுக்கு. இலை காயவைக்கிற மெஷின் மழையோடு படுத்துவிட்டது. புதுசு வந்தால்தான் மார்ச்சில் அனுப்ப வேண்டிய சரக்குப் போகும். போகாவிட்டால் அங்கே வாங்குகிறவன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். ஷெட்டைச் சாத்த வேண்டியதுதான். அங்கே வேலை பார்க்கிறது எல்லாம் எங்கள் பக்கத்துப் பெண்கள். தங்கபுஷ்பம் என்று ஒருத்தி, புருஷன் இல்லாதவள், எனக்குப் பின்னால் உட்கார்ந்துதான் கோயிலில் பாடுவாள். இன்று காலையில் கார் ஏறும்போது வந்து, எப்பம்மா வருவீங்க என்று கேட்டாள். உனக்காகத்தான் ஜெபிக்கிறேன்ட்டி என்று தலையில் கைவைத்துவிட்டு வந்தேன். அவர்களுக்காகவும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் யாரையும் விட்டுவிடுகிறவள் இல்லை.

இன்னும் இருக்கிறதா? வாசி.

ஜூனில் டிக்கெட் போடுகிறானாமா. பாப்பாவின் முதல் பிறந்த நாளுக்கு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாமாம். ஹேனா ‘ஆச்சி’ என்று சொல்கிறாளாமா.

எட்டு மாதப் பிள்ளைகூட இல்லை, அது எங்கே ஆச்சி என்று சொல்லப் போகிறது. அவன் சொல்லிக்கொடுத்திருப்பான். ஜூனுக்கு அவள் நடந்துவிடுவாள். நடக்கிற பிள்ளையையா ஐயர் கையில் தூக்கிக் கொடுப்பார்கள்? அந்தச் சட்டைதான் இனி அவளுக்குப் பற்றுமா?

இல்லைம்மா, அழவில்லை. ஏசி காற்று கண்ணுக்கு ஆகாது.

எமரால்ட் மதினி நேற்றுப் போன் பண்ணினாள். “மதினி, நீங்க ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க, அன்னைக்கு நான் மாட்டேன்னுதான் சொன்னேன், பிள்ளைங்கதான் கேட்கல” என்றாள். அந்தப் போட்டோவில் அவள் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேனே. “இதுல நினைக்க என்ன இருக்கு மதினி, நாளைக்கு நல்லபடியா முடியட்டும், நான் ஜெபிச்சுக்கிடுறேன்” என்றேன். ஜெபித்தேன். பட்டுச்சேலை எடுத்து வைத்திருப்பாள், வீடியோவில் தெரிய வேண்டுமே. இப்போது பாளையங்கோட்டையில் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். உட்காரட்டும். நான் அந்த ஊரில் இருந்து விமானத்தில் வந்து இறங்கி, கால் வீங்கி, தனியாகப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, வெறும் வீட்டைத் திறந்து உட்கார்ந்தேனே, அந்த மாதிரி அவளும் கொஞ்ச நேரம் உட்காரட்டும்.

நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. எதிலும் கையெழுத்துப் போடவில்லை, ஒருத்தரையும் ஒரு சொல் சொல்லவில்லை, சண்டை போடவில்லை. சும்மா இருக்கிறேன். அவன் சொன்னதும் அதுதானே.

மஸ்கட் என்கிறார்களே, நம் விமானம்தானே? எழுந்திருக்கலாம். காலைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன்.

பார், சரியாக இப்போது. இந்தத் தடவை மணி வேறு மாதிரி அடிக்கிறது, வீடியோ. கூட்டத்துக்குக் கூப்பிடுகிறான். முகம் தெரிகிறதா? என் பக்கம் திருப்ப வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும். எனக்கு இந்தப் போனை முழுவதுமாக அணைக்கத் தெரியாது, பியூலாதான் பழக்கிக் கொடுக்க வேண்டும். நீ கொஞ்சம் அணைத்துக் கொடேன்ம்மா.